“தனி இடம்” என்னும் தந்திரம்

(திருவானைக்காவலில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



அமெரிக்கா தேசத்துக் கறுப்பு மக்கள் தங்கள் மனித உரிமைக்காக நடத்திய கிளர்ச்சியைப் பற்றி இன்று நாம் பேசவேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கின்றோம். “அமெரிக்கா எங்கே, திருவானைக்காவல் எங்கே? அங்கே ஒருவன் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தால் நமக்கென்ன, பின்னால் உட்கார்ந்தால் நமக்கென்ன? காவேரியில் தண்ணீர் வருமா வராதா என்பதல்லவா நம் கவலை!” என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பதில் குற்றமில்லை. நாம் சொல்லப் போகும் சங்கதிகளை முழுவதும் கேட்டுவிட்டு, இது எந்த ஊர்க் கதை என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் ஊர்ப் புராணத்தையே எடுத்துக் கொள்ளுவோம். இங்கே நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்துக்கு ஒரு யானை தும்பிக்கையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றிற்றாம். சருகு விழாமலிருக்க ஒரு சிலந்தி மேலே வலை கட்டிற்றாம். இரண்டுக்கும் சண்டை வந்து இரண்டும் செத்துப்போய், யானை மோக்ஷம் போயிற்றாம். சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து கோவில் கட்டிற்றாம். இதை நீங்கள் நம்ப வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. நம்புகிறவர்களைத்தான் கேட்கின்றோம்: மிருகத்துக்கும் பூச்சிக்கும் சாமியிடம் நெருங்கிப் போக இருந்த யோக்கியதை, இரண்டு காலும் இரண்டு கையும் ஆறறிவும் உள்ள ஆதிதிராவிட மனிதனுக்கு ஏன் இல்லாமல் போயிற்று? இந்த மாகாணத்தில் அவன் கோவிலுக்குள் போக 1939-ல் ஒரு சட்டமும் 1947-ல் ஒரு சட்டமும் அல்லவா தேவைப்பட்டன!

இந்தக் கோவிலின் வெளி மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். கட்டிய கூலியாட்களுக்குச் சாமியே சித்தராக வந்து திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தாராம். அது அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொன்னாயிற்றாம். பொன்னாயிற்றோ சாம்பலாகவே இருந்ததோ, அது கிடக்கட்டும். மதில் கட்டும்போது கல்லைத் தொட்ட கை தீட்டாயிருக்கவில்லை. கட்டி முடிந்த பிறகு அதே மாதிரிக் கை தீட்டாய்ப் போயிற்று. வேலை வாங்கும்போது தீட்டு இல்லை, பலன் கேட்கும்போது தீட்டு உண்டு. உலகத்தில் மனிதனை மனிதன் பிரித்து வைத்த இடங்களிலெல்லாம் இந்த ஒரு சூத்திரந்தான் நடந்து வந்திருக்கின்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அமெரிக்காவில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களை ஆடுமாடுகளைப் போல் விலைக்கு விற்று அடிமைகளாக வைத்திருந்தார்கள். ஒரு பெரிய உள்நாட்டு யுத்தம் நடந்து, 1865-ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்ததும் தென்பகுதி வெள்ளைக்காரர்கள் சும்மா இருந்தார்களா? “நீ இனி அடிமையல்ல, சரி, ஆனால் என் பக்கத்தில் உட்காராதே” என்றார்கள். இரயிலில் தனி வண்டி, பள்ளிக்கூடத்தில் தனிக் கட்டடம், ஹோட்டலில் தனி வாசல், குடிதண்ணீருக்குத் தனிக் குழாய் என்று வரிசையாகச் சட்டங்கள் செய்தார்கள்.

ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் 1892-ல் லூயிசியானா மாகாணத்தில் வெள்ளைக்காரர் வண்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்தார். அவருடைய எட்டுப் பூட்டன் பூட்டிமார்களில் ஏழு பேர் வெள்ளைக்காரர்கள், ஒருவரே கறுப்பர். பார்வைக்கு வெள்ளைக்காரரைப் போலவே இருந்தார். தாம் இன்னார் என்று தெரிந்து கைது செய்யப்பட வேண்டுமென்பதற்காகவே ஏறினார், கைதும் செய்யப்பட்டார். வழக்கு மேல்கோர்ட்டு வரை போயிற்று. 1896-ல் நீதிபதிகள், ஒரே ஒருவர் நீங்கலாக, “தனித்தனி இடமானாலும் சமமாக இருந்தால் போதும், அதில் அவமானம் ஒன்றுமில்லை” என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தோழர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத நிறத்துக்காக ஒருவரை வண்டியை விட்டு இறக்கினார்கள் என்றால், அங்கே நிறம் காரணமல்ல, பிறப்பு என்கின்ற சீட்டுத்தான் காரணம். அப்படியானால் அதற்குப் பெயர் என்ன? நம் ஊரில் அதற்கு ஜாதி என்று பெயர்.

இந்த “தனி இடம், சம இடம்” என்கின்ற நியாயம் நமக்குப் புதிதா? திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய இரயில்வேயின் ஸ்டேஷன்களிலே சாப்பாட்டு இடங்களில் பிராமணர்களுக்கென்று ஒரு பக்கமும் மற்றவர்களுக்கென்று ஒரு பக்கமும் வைத்திருந்தார்களே, அது என்ன? டிக்கெட் வாங்கும்போது எல்லோருடைய காசும் ஒரே பெட்டியில் விழுந்தது. என்ஜினில் கரி அள்ளிப் போட்டவனும் தண்டவாளத்தில் கல் கொட்டினவனும் யார் என்று எந்தப் பிரயாணியும் கேட்கவில்லை. இலை போட்டுச் சாப்பிடும்போது மாத்திரம் தடுப்பு வந்துவிட்டது. “இவர்களுக்கும் தனி இடம் கொடுத்துத்தானே இருக்கின்றோம்? இதில் என்ன குறை?” என்று கேட்டார்கள். 1896-ல் அமெரிக்க நீதிபதிகள் சொன்னதும் இதுவேதான். ஈ.வெ.ரா. பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் விடாமல் கிளர்ச்சி செய்ததின் பேரில் 1941-ல் அந்தப் பேதம் எடுபட்டது. அமெரிக்காவில் “தனி என்றாலே சமமல்ல” என்று மேல்கோர்ட்டு பள்ளிக்கூட வழக்கில் ஒப்புக்கொண்டது 1954-ல். முதல் தீர்ப்பைத் திருத்த அவர்களுக்கு 58 வருஷம் பிடித்தது!

இனி பஸ் சங்கதிக்கு வருவோம். இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு காலத்தில் ஆதிதிராவிடர்களைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். காசு கொடுத்தாலும் ஏற்றமாட்டார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன் அவர்கள் (1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்) ஓர் உத்தரவு போட்டார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்பதே அது. அவ்வளவுதான்! நேற்றுவரை சாஸ்திரமும் வழக்கமும் பேசிக்கொண்டிருந்த முதலாளிகள் மறுநாளே “ஏறுங்கள், ஏறுங்கள்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். லைசென்ஸ் போகுமென்றவுடன் தீட்டு எந்தப் பக்கம் ஓடிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவில் மாண்ட்கோமெரி என்று ஒரு பட்டணம். அங்கே பஸ்ஸில் கறுப்பர் பின்னால்தான் உட்கார வேண்டும். முன் வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின் வாசலில் ஏறும்படி டிரைவர் சொல்லுவான். அதற்குள் வண்டியை விட்டுக்கொண்டு போய்விடுவதும் உண்டு. வெள்ளைக்காரர் ஏறினால் கறுப்பர் எழுந்து இடம் விட வேண்டும். 1955-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கிளாடெட் கோல்வின் என்னும் 15 வயதுப் பெண் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, தையல் வேலை செய்து பிழைத்த ரோசா பார்க்ஸ் என்னும் அம்மாள் எழுந்திருக்க மறுத்தார். அவரையும் கைது செய்தார்கள்.

அவ்வூரில் சௌந்திரபாண்டியனைப் போல் உத்தரவு போட ஓர் அதிகாரி இல்லை. அதிகாரமெல்லாம் வெள்ளைக்காரர் கையில். கறுப்பு மக்களிடம் இருந்ததெல்லாம் இரண்டு கால்களும், பஸ் கட்டணமான பத்து சென்டு காசுந்தான். “நம்மை அவமானப்படுத்துகின்றவனுக்கு நாமே ஏன் காசு கொடுக்க வேண்டும்?” என்று யோசித்தார்கள். பெண்கள் சங்கத்தார் இராத்திரியோடு இராத்திரியாக ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். மறு திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. பிரயாணிகளில் பெரும்பான்மையோர் கறுப்பர்களேயானதால் கம்பெனியின் கல்லாப்பெட்டி வற்றிற்று. சமையல்காரிகளும் துணி வெளுப்பவர்களும் மழையிலும் குளிரிலும் மைல் கணக்காக நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறை போட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். தலைமை வகித்த மார்ட்டின் லூதர் கிங் என்பவருக்கு அப்போது வயது 26. அவர் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். இப்படி ஒருநாள் இரண்டு நாளல்ல, 381 நாள் நடந்தார்கள். மேல்கோர்ட்டும் பஸ்ஸில் பேதம் செல்லாதென்று சொல்ல, 1956 டிசம்பரில் அவர்கள் மறுபடி பஸ்ஸில் ஏறி இஷ்டமான இடத்தில் உட்கார்ந்தார்கள்.

ஹோட்டல் சங்கதியும் இப்படியே. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பலகையில் இருந்த “பிராமணாள்” என்னும் எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். தினந்தோறும் தொண்டர்கள் போவதும் கைதாவதுமாக மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் அந்த எழுத்து எடுபட்டது. 1960 பிப்ரவரியில் அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்னும் ஊரில் நான்கு கறுப்பு மாணவர்கள் ஒரு கடைக்குப் போனார்கள். ஒரு பக்கத்தில் சாமான் வாங்கினார்கள். காசை வாங்கிக் கொண்டார்கள். அதே கடையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள், கொடுக்க மறுத்தார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். அது பல ஊர்களுக்கும் பரவிற்று. ஜூலை மாதம் அந்தக் கடைக்காரர் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். காசுக்கு இல்லாத தீட்டு காப்பிக்கு மாத்திரம் எப்படி வந்தது என்று கேட்க ஆட்கள் வந்துவிட்டால், எந்தத் தீட்டும் நெடுநாள் நிற்பதில்லை.

இந்த இரண்டு நாட்டுச் சங்கதியும் ஒன்றென்று நாம்தான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். மராட்டிய தேசத்து ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய “குலாம்கிரி” என்னும் புத்தகத்தை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். அமெரிக்காவில் படித்த டாக்டர் அம்பேத்கர் 1946-ல், கறுப்பு மக்களின் பேரறிஞரான டு பாய்ஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாட்டுச் சபைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகல் கேட்டார். கிங் அவர்கள் 1959-ல் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதார் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில், “அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்” என்று அவரை அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் அவருக்குத் திடுக்கிட்டதாம். பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டப்படாதவனே என்று ஒப்புக்கொண்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கின்றார்.

நிற்க. இந்த ஊரைப் பஞ்சபூத ஸ்தலங்களில் அப்பு ஸ்தலம், அதாவது தண்ணீர் ஸ்தலம் என்கிறார்கள். தண்ணீரே சாமி என்று சொல்லும் இதே நாட்டில் மனிதனுக்குத் தண்ணீரை மறுத்த கதையையும் கேளுங்கள். பம்பாய் மாகாணத்தில் மகாட் என்னும் ஊரில் குளத்தை எல்லோருக்கும் பொதுவென்று நகரசபை தீர்மானம் செய்திருந்தும், தீண்டப்படாதார் யாரும் அதில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச்சு 20-ந் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். மேல்ஜாதியார் என்ன செய்தார்கள்? சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்த பஞ்சகவ்யத்தைக் குடம் குடமாகக் குளத்தில் கொட்டித் தண்ணீரைச் “சுத்தம்” செய்தார்கள்! மனிதன் கை பட்டது அசுத்தமாம். மாட்டுச் சாணி பட்டது சுத்தமாம். அமெரிக்க வெள்ளைக்காரன் எத்தனையோ கொடுமை செய்தான். குழாயைப் பிரித்து வைத்தான். இந்தப் புத்தி மாத்திரம் அவனுக்கு எட்டவில்லை.

சரி, சட்டமெல்லாம் வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கின்றது, அதை நாம் குறைவாகச் சொல்லவில்லை. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லோருக்கும் பொதுவென்று தீர்மானம் நிறைவேற்றி வைத்தார். அதே வருஷந்தான் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்து, பெரியார் சிறை சென்றார். 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1976-ல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிற்று. ஹோட்டலிலோ குளத்திலோ ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால் 1 மாதத்துக்குக் குறையாமல் 6 மாதம் வரை சிறையும், 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை அபராதமும் உண்டென்று அது சொல்லுகின்றது. அமெரிக்காவிலும் 1964-ல் குடியுரிமைச் சட்டமும், 1965-ல் ஓட்டுரிமைச் சட்டமும் வந்தன. சட்டம் வந்த பிறகும் 1968 ஏப்ரல் 4-ந் தேதி கிங் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

சட்டம் பூட்டைத் திறந்துவிடும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை அப்புறப்படுத்துவது சட்டத்தினால் மாத்திரம் ஆகிற காரியமல்ல. அப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் யார் என்பதுதான் இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இங்கிருந்து அதிக தூரமில்லாத புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் 2022 டிசம்பரில் ஆதிதிராவிடர் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. செய்தவர் யார் என்னும் வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. அதைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அதை விசாரிக்கப் போன ஜில்லா கலெக்டர் வேறு இரண்டு சங்கதிகளைக் கண்டார். பக்கத்திலுள்ள இறையூர் டீக்கடையில் அந்த மக்களுக்குத் தனிக் கிளாஸ். அங்குள்ள ஐயனார் கோவிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. கலெக்டர் தாமே அவர்களை அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் போக வேண்டியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் செய்து 98 வருஷம் கழித்து!

மதுரை ஜில்லா உத்தபுரத்தில் 1989-ல் எழுப்பிய ஜாதிச் சுவரின் ஒரு பகுதியை இடித்து வழி விட 2008-ம் வருஷம் ஆயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் ஜாதி கலந்துவிடக் கூடாதென்று நடுவே சுவர் வைத்தார்கள். ஏசுவின் பேரால் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மண்ணுக்குள்ளே என்ன தீட்டு?

தோழர்களே! இந்த டீக்கடையும், இந்தச் சுவரும், அந்த ஐயனார் கோவில் வாசலும் பார்ப்பனர் வைத்தவை என்று நாம் சொல்லித் தப்பித்துக் கொள்ள முடியுமா? ஜாதிக்குச் சாஸ்திரம் எழுதி வைத்தவர்கள் அவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சாஸ்திரத்தின் ஒரு வரியும் படிக்காமல், அதற்குக் காவல்காரர்களாக நிற்கிறவர்கள் யார்? 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹோட்டல் பலகையில் பழைய எழுத்து மறுபடி முளைத்தபோது இந்தப் பக்கத்து மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். அது நியாயமான கோபம். அதே கோபம், தன் சொந்தக் கிராமத்து டீக்கடையில் எதிர்ஜாதிக்காரனுக்குக் கண்ணாடிக் கிளாஸும், ஆதிதிராவிடனுக்குப் பேப்பர் கப்பும் நீட்டப்படும்போது ஏன் வருவதில்லை? முன்னே கொட்டாங்கச்சி, பிறகு தனி டம்ளர், இப்போது பேப்பர் கப். பாத்திரம் மாறிற்றேயொழிய பாவிக்கும் புத்தி மாறவில்லை. தன்னை ஒருவன் படிக்குக் கீழே நிறுத்தினால் சுயமரியாதை பேசுவதும், தான் ஒருவனைப் படிக்குக் கீழே நிறுத்தும்போது ஊர் வழக்கம் பேசுவதும் சுயமரியாதையாகாது. அது மேல்படிக்கு ஏற ஆசைப்படுகின்ற பொறாமையே ஆகும்.

அமெரிக்கச் சங்கதியிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான். பேதம் என்பது நம்முடைய காசினாலும் நம்முடைய மௌனத்தினாலுமே உயிர் வாழுகின்றது. தனிக் கிளாஸ் வைத்திருக்கின்ற கடையில் பொதுக் கிளாஸில் டீ குடித்துவிட்டுக் காசு வைக்கின்ற ஒவ்வொருவரும் அந்தத் தனிக் கிளாஸுக்கும் விலை கொடுத்துவிட்டு வருகிறோம். மாண்ட்கோமெரியில் அவமானப்பட்டவர்களே 381 நாள் நடந்தார்கள். நம் நாட்டில் அவமானப்பட்டவன்தான் எப்போதும் நடக்க வேண்டுமா? ஒரு கிராமத்தில் மற்ற ஜாதியார் பத்து நாள் அந்தக் கடைப் படி ஏறாமல் இருந்தால், பதினோராம் நாள் அங்கே எத்தனை விதக் கிளாஸ் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகையால் உங்களைப் பெரிய தியாகம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. தனிக் கிளாஸோ தனிப் பெஞ்சோ உள்ள கடையில் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதைக் கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். ஊர்ப் பொதுக்குழாயிலும் கோவில் வாசலிலும் ஒருவரைத் தடுத்தால், தடுக்கப்பட்டவர் புகார் எழுதும்வரை காத்திராமல், முதல் சாக்ஷியாக நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் யார் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் 1939-ல் ஆதிதிராவிடர்களையும் நாடார்களையும் கோவிலுக்குள் அழைத்துக்கொண்டு போன வைத்தியநாதய்யர் ஒரு பார்ப்பனர். அவருக்கு இருந்த துணிச்சல், ஜாதியை ஒழிக்கின்றோம் என்று சொல்லுகின்ற நம்மவர்களுக்கு இல்லாமல் போனால் அது நமக்கு வெட்கமல்லவா?

யானைக்கும் சிலந்திக்கும் இடம் கொடுத்ததாகக் கதை சொல்லுகின்ற ஊர் இது. மனிதனுக்கு மனிதன் இடம் கொடுக்க எந்தக் கதையும் தேவையில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும். நாளைக் காலையில் டீக்கடைக்குப் போகும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.